விலை வித்தியாசத்தின் மர்மம்: பெட்ரோல், டீஸல், மண்ணெண்ணெய்

சென்னையிலிருந்து தெற்கே வரும் பெருஞ்சாலை திண்டிவனத்தில் கிளை பிரிகிறது. ஒரு கிளை விழுப்புரத்துக்கும் மற்றொரு கிளை புதுச்சேரிக்கும் செல்கின்றன. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு நேர் ரஸ்தாவும் உண்டு. மூன்று ஊர்களும் ஒரு முக்கோணம் போல அமைந்தவை. எதிலிருந்து எதற்குச் சென்றாலும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தூரமே. மூன்று ஊர்களிலும் விற்கப்படும் பெட்ரோலும் டீஸலும் ஒன்றே. விற்கும் கம்பெனிகளும் ஒன்றே. ஆயினும் விலை மட்டும் ஒன்றல்ல. 2021-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் மத்திய ஸர்க்கார் கலால் வரியைக் குறைத்தபோது, புதுச்சேரி ஸர்க்கார் தன் பங்கான மதிப்புக் கூட்டு வரியையும் கூடவே குறைத்தது. அதன் பயனாக, விழுப்புரம் ரஸ்தாவில் மதகடிப்பட்டு எல்லையைத் தாண்டியவுடன் எண்ணெய் மலிவு என்பது இந்தப் பிரதேசத்தில் எல்லோரும் அறிந்த சங்கதியாயிற்று.

இதில் யாருக்கு லாபம் என்று சற்றுக் கணக்குப் பார்ப்போம். லிட்டருக்கு 5 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். விழுப்புரத்திலுள்ள ஒரு பால்காரர் தமது மோட்டார் ஸைக்கிளில் எல்லைக்குப் போய் 8 லிட்டர் போட்டுக்கொண்டு திரும்பினால் அவருக்கு மிச்சம் 40 ரூபாய். போய்வர முப்பத்தாறு கிலோமீட்டர் என்றும், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றும் கொண்டால், வழிச்செலவுக்கே 70 ரூபாய் பெட்ரோல் எரிந்துவிடும். ஆகவே அவருக்கு நஷ்டமே. ஆனால் 300 லிட்டர் டாங்கியுள்ள லாரி அதே எல்லைக்குப் போனால் மிச்சம் 1,500 ரூபாய். வழியில் எரியும் டீஸல் கிரயத்தைக் கழித்த பின்னும் 700 ரூபாய் கையில் நிற்கும். விலை வித்தியாசம் என்பது எங்கே தோன்றினாலும் அதன் பயன் சிறிய டாங்கிக்காரனுக்குப் போவதில்லை. பெரிய டாங்கிக்காரனுக்கே போகிறது. இந்தச் சிறிய உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு தேசம் முழுவதையும் பார்த்தோமானால், பெட்ரோல், டீஸல், மண்ணெண்ணெய் என்ற மூன்றின் விலைகளில் சென்ற பல வருஷங்களாக நடந்துள்ள கூத்து முழுவதும் விளங்கும்.

ஒரே பீப்பாயின் மூன்று பங்குகள்

பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைப் பீப்பாய்க் கணக்கில் விற்கிறார்கள். ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர். அதை மணலியிலுள்ளதைப் போன்ற சுத்திகரிப்பு ஆலையில் காய்ச்சும்போது, லேசான பகுதி முதலில் ஆவியாகிப் பெட்ரோலாகிறது. அடுத்து வருவது மண்ணெண்ணெய். அதற்கடுத்த கனமான பகுதி டீஸல். எனக்கு டீஸல் மட்டும் போதும், பெட்ரோல் வேண்டாம் என்று ஆலைக்காரன் சொல்ல முடியாது. நெல்லைக் குத்தினால் அரிசி, நொய், தவிடு, உமி எல்லாம் சேர்ந்தே கிடைப்பதைப் போன்றது இது. யந்திர சாமர்த்தியத்தால் ஒன்றைச் சற்றுக் கூட்டி ஒன்றைச் சற்றுக் குறைக்கலாமே தவிர, ஒன்றை அடியோடு விட்டுவிட இயலாது.

ஆகவே இந்த மூன்றில் எது உயர்ந்த விலை, எது தாழ்ந்த விலை என்பதை உற்பத்திச் செலவு நிர்ணயிப்பதில்லை. உலகச் சந்தையில் எதற்குத் தேவை அதிகம் என்பதே நிர்ணயிக்கிறது. அமெரிக்காவில் கோடைக்காலத்தில் ஜனங்கள் மோட்டார்களில் ஊர் சுற்றுவார்கள். அப்போது பெட்ரோல் ஏறும். பனிக்காலத்தில் அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியிலும் ஐரோப்பாவிலும் வீடுகளைச் சூடாக்க எண்ணெய் எரிப்பார்கள். அந்த எண்ணெய் டீஸலுக்கு உடன்பிறப்பு. இரண்டும் பீப்பாயின் ஒரே பாகத்திலிருந்து வருபவை. ஆகவே அங்கே குளிர் கடுமையானால் டீஸல் ஏறும். நமது ஆலைகளுக்குக் கொடுக்கப்படும் விலையோ 2006 ஜூன் முதல் உலகச் சந்தை விலையைத் தழுவியே கணக்கிடப்பட்டு வந்தது. பாஸ்டன் நகரத்துப் பனிக்கும் முண்டியம்பாக்கத்தில் கரும்பு ஏற்றும் டிராக்டருக்கும் சம்பந்தம் ஏற்பட்டது இவ்வாறுதான்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் 2004-ம் வருஷம் வரை பொதுவாக டீஸல் மலிவாகவும் பெட்ரோல் கிராக்கியாகவும் இருந்தன. அதன் பின் நிலைமை தலைகீழாயிற்று. கீழ்த்திசை நாடுகளில் தொழில் பெருகியது; ஐரோப்பியர்கள் டீஸல் கார்களுக்கு மாறினார்கள்; கந்தகம் நீக்கிய டீஸலே வேண்டுமென்று சட்டங்கள் வந்தன; அதைத் தயாரிக்கச் செலவும் கூடிற்று. 2022-ல் ருஷ்யா உக்ரெய்ன்மீது படையெடுத்தபோதும், 2023 பிப்ரவரி 5-ந் தேதி முதல் ருஷ்ய டீஸலை ஐரோப்பிய யூனியன் விலக்கி வைத்தபோதும், டீஸலின் அருமை உலகத்துக்கு மேலும் புலப்பட்டது. ஆனால் நமது நாட்டுப் பங்குகளில் எழுதியிருக்கும் விலையைப் பார்ப்பவர், பெட்ரோல்தான் இயற்கையிலேயே உயர்ந்த சரக்கு என்று எண்ணுவார். அந்த உயர்வு பெரும்பாலும் இயற்கை தந்ததல்ல, வரி தந்தது.

ஏணி கட்டிய கதை

நமது ஸர்க்கார்கள் வெகுகாலமாக ஓர் ஏணி கட்டி வைத்திருந்தன. ஏழையின் விளக்குக்கும் அடுப்புக்கும் மண்ணெண்ணெய். ஆகையால் அது அடிப்படியில். பஸ்ஸுக்கும் லாரிக்கும் விவசாயியின் ஆயில் எஞ்சினுக்கும் டீஸல், அது நடுப்படியில். சீமானின் காருக்குப் பெட்ரோல், அது மேற்படியில். இந்த எண்ணத்தில் குற்றமில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் ஜனங்கள் பட்ட பாட்டை யுத்த காலம் கண்ட தலைமுறை நன்றாக அறிந்திருந்தது. 1942-ல் பர்மா வீழ்ந்து, அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றபோது, தென் ஆற்காடு ஜில்லாவின் கிராமங்கள் கிருஷ்ணாயிலுக்குத் தவித்தன. பஸ்களின் பின்புறத்தில் அடுப்பு வைத்துக் கரி வாயுவால் ஓட்டினார்கள். அத்தகைய அனுபவமுள்ள தேசம் ஏழையின் எண்ணெயை மலிவாக வைக்க விரும்பியது நியாயமே.

ஆனால் ஏணியின் படிகளுக்கு இடையே இருந்த தூரம் மிதமிஞ்சிப் போயிற்று. 2010 ஜூனுக்கு முன் டில்லியில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் சுமார் 9 ரூபாய். டீஸலோ சுமார் 38 ரூபாய். இரண்டும் ஒன்றோடொன்று எளிதில் கலக்கக்கூடியவை. ஒரு லிட்டரைக் கை மாற்றினால் ஏறக்குறைய 29 ரூபாய் லாபம் என்றால், கலப்படக்காரன் சும்மா இருப்பானா? ரேஷன் எண்ணெய்க்கு நீலச் சாயம் பூசினார்கள். 2006-ல் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் ரஸாயனப் பொருளையும் கலந்து பார்த்தார்கள். ரேஷன் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வேறு வழியில் போகிறது என்று 2005-ல் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டது. ஏழையின் பெயரால் கொடுத்த பணத்தில் அவ்வளவு பங்கு கள்வன் கையில் சேர்ந்தது என்பதே அதன் பொருள்.

பணத்தோடு போயிருந்தால்கூடப் பொறுக்கலாம். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரியில், கலப்படம் செய்த பங்க்கைக் கண்டித்து நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் கம்பெனி அதிகாரி மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரி 25-ந் தேதி, குடியரசு தினத்துக்கு முதல் நாள், மஹாராஷ்டிரத்தில் மன்மாட் அருகே எண்ணெய்த் திருட்டைக் கையும் களவுமாய்ப் பிடிக்கப் போன கூடுதல் கலெக்டர் அந்தஸ்துள்ள அதிகாரி யஷ்வந்த் ஸோனாவணேயை உயிரோடு கொளுத்தினார்கள். கடமையைச் செய்த இந்த இரண்டு பேரைக் கொன்றவர்கள் கொலைகாரர்களே; ஆயினும் அந்தக் கொலைக்கு ஆசை காட்டியது விலை வித்தியாசம் என்பதை நாம் மறக்கலாகாது.

நடுப்படியில் ஏறிய சீமான்

டீஸலின் கதை வேறு விதம். 2010 ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலையின்மீதிருந்த ஸர்க்கார் கட்டுப்பாடு நீங்கிற்று; டீஸலின்மீதிருந்த கட்டுப்பாடு நீடித்தது. 2012 மே மாதக் கடைசியில் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு; டீஸல் 40 ரூபாய் 91 காசு. வித்தியாசம் 32 ரூபாய்க்கு மேல். விளைவு என்ன? பெட்ரோல் காருக்குப் பதிலாக டீஸல் கார் வாங்குவது புத்திசாலித்தனம் என்று பணக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அக்காலத்தில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி டீஸல் கார்கள். விவசாயிக்கென்று வைத்த நடுப்படியில் சீமான் ஏறி உட்கார்ந்துகொண்டான். 2012-13-ம் வருஷத்தில் எண்ணெய்க் கம்பெனிகள் அடக்க விலைக்குக் குறைவாக விற்றதால் ஏற்பட்ட துண்டு 1,61,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. அதில் டீஸல் பங்கு மட்டும் சுமார் 92,000 கோடி.

மேற்படியில் நின்றவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2013-ல் மத்திய ஸர்க்காரின் பெட்ரோலியத் திட்டப் பிரிவுக்காக எடுத்த கணக்கெடுப்பின்படி, தேசத்தில் விற்கும் பெட்ரோலில் சுமார் 61 சதவீதம் இரண்டு சக்கர வண்டிகளில் எரிந்தது. திண்டிவனம் சந்தைக்குக் காய்கறி கொண்டு வருபவர், செங்கல் சூளை வேலைக்குப் போகும் கொத்தனார், பள்ளிக்கூட வாத்தியார் ஆகியோரே பெட்ரோல் வரியின் பெரும் பகுதியைக் கொடுத்தவர்கள். பெட்ரோல் சீமானின் சரக்கு என்ற பழைய எண்ணம் காலம் கடந்தது. எண்ணம் மாறிய பின்னும் வரி மாறவில்லை.

விழுப்புரம் பஸ்கள் பங்க்கில் நின்ற நாள்

2013 ஜனவரியில் மத்திய ஸர்க்கார் ஒரு புதிய ஏற்பாடு செய்தது. சில்லறையாக வாங்குபவர்களுக்கு மாதந்தோறும் 50 காசு வரை ஏற்றுவது. ரயில்வே, பஸ் கழகங்கள் முதலிய மொத்தக் கொள்முதல்காரர்களுக்கோ உடனே முழு விலை. ஒரே இரவில் மொத்த விலை சில்லறை விலையைவிட லிட்டருக்குச் சுமார் 10 ரூபாய் உயர்ந்தது. உலகத்தில் எந்தச் சரக்கையும் மொத்தமாக வாங்கினால் மலிவு. இங்கே மட்டும் மொத்தமாக வாங்கினால் கிராக்கி!

விழுப்புரம், 1975 முதல் அரசாங்கப் போக்குவரத்துக் கழகம் ஒன்றின் தலைமை ஸ்தானம். கிராமத்து ஜனங்களை ஏற்றிச் செல்லும் அந்தப் பஸ்களுக்கு முழு விலை. தனிமனிதரின் டீஸல் காருக்குச் சலுகை விலை. இந்த அநீதிக்கு மாற்றாக, அரசாங்கப் பஸ்கள் சில்லறைப் பங்குகளிலேயே டீஸல் போட்டுக்கொள்ளட்டும் என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா உத்தரவிட்டார். சொந்தப் பணிமனையில் டாங்கியும் பம்பும் வைத்திருந்த கழகத்தின் பஸ்கள், கார்களுக்கும் லாரிகளுக்கும் பின்னே பங்க் வாசலில் வரிசையில் நின்றன. 2022 மார்ச்சிலும் இதே வேடிக்கை மறுபடி நேர்ந்தது: சில்லறை விலை அசையாமல் நிற்க, மொத்த டீஸல் மட்டும் 25 ரூபாய் ஏறிற்று.

பஸ் கழகத்தின் நஷ்டத்தை முடிவில் யார் தாங்குவது? 2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் திடீரென்று உயர்ந்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டால் விடை கிடைக்கும்.

ஏணி சரிந்தது, வரி எழுந்தது

2014 அக்டோபரில் டீஸல் விலைக் கட்டுப்பாடும் நீங்கிற்று. 2016 முதல் ரேஷன் மண்ணெண்ணெயை 25 காசு, 25 காசாக உயர்த்தி, 2020 தொடக்கத்தில் அதன் மானியத்தையும் முடித்தார்கள். ரேஷன் கடைகளுக்கு வரும் அளவும் ஆண்டுதோறும் சுருங்கிற்று. படிகளின் தூரம் குறைந்தது. கலப்படத்தின் லாபமும் குறைந்தது. டீஸல் காரின் மோகமும் தணிந்தது. இவை நன்மைகளே; மறுப்பதற்கில்லை.

ஆனால் உலக விலை இறங்கியபோது அந்த இறக்கம் ஜனங்களுக்குச் சேர்ந்ததா? 2020-ல் தொற்றுநோயால் உலகம் ஸ்தம்பித்து, கச்சா எண்ணெய் கேட்பாரற்றுக் கிடந்தது. அவ்வருஷம் மே மாதத்தில் மத்திய ஸர்க்கார் கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீஸலுக்கு 13 ரூபாயும் ஏற்றிற்று. பெட்ரோலின் கலால் 32 ரூபாய் 98 காசு. டீஸலின் கலால் 31 ரூபாய் 83 காசு. ஏழையின் எண்ணெய், சீமானின் எண்ணெய் என்ற பேதம் ஒரே இரவில் மறைந்துவிட்டது! டில்லி ஸர்க்காரும் தன் பங்குக்கு டீஸல் வரியை ஏற்றியிருந்தபடியால், 2020 ஜூன் 24-ந் தேதி அங்கே டீஸல் 79 ரூபாய் 88 காசுக்கும் பெட்ரோல் 79 ரூபாய் 76 காசுக்கும் விற்றன. டீஸல் பெட்ரோலை முந்தியது டில்லியில் அதுவே முதல் தடவை. ஜூலைக் கடைசியில் டில்லி ஸர்க்கார் வரியை 30 சதவீதத்திலிருந்து 16.75 சதவீதமாகக் குறைத்தவுடன் டீஸல் 8 ரூபாய்க்கு மேல் இறங்கிப் பழைய ஸ்தானத்துக்குப் போயிற்று. எண்ணெயின் குணம் மாறவில்லை. கச்சா எண்ணெயின் கிரயம் மாறவில்லை. பேனாவின் ஒரு கோடு மாறிற்று. விலை வித்தியாசத்தின் மர்மம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாடும் இதற்கு விலக்கல்ல. 2020 மே மாதத்தில் நமது மாகாண ஸர்க்காரும் வரி முறையை மாற்றிப் பெட்ரோலுக்கு 3 ரூபாய் 25 காசும் டீஸலுக்கு 2 ரூபாய் 50 காசும் ஏற்றிற்று. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் குறைத்தது. இரண்டு சக்கர வண்டிக்காரர்களுக்கு அது ஓரளவு நியாயம் செய்தது. ஆயினும் உழவுக்கும் பஸ்ஸுக்கும் உரிய டீஸலுக்கு அவ்வித நிவாரணம் கிடைக்கவில்லை.

மத்திய கலால் வரியிலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. 2021 பிப்ரவரி ஏற்பாட்டின்படி பெட்ரோலின்மீது விதித்த 32 ரூபாய் 90 காசில், மாகாணங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதி, செஸ் என்றும் விசேஷ வரி என்றும் பெயர் சூட்டிக்கொண்டு மத்திய பொக்கிஷத்திலேயே தங்கிற்று. மாகாணங்களுக்குப் பங்கு குறைந்தால் மாகாணங்கள் தங்கள் வரியைக் குறைக்கத் தயங்கும். இரண்டு ஸர்க்கார்களும் ஒன்றையொன்று கைகாட்டி நிற்க, நடுவில் பங்க் வாசலில் நிற்பவர் பணம் கொடுக்கிறார்.

கணக்கும் கைச்சரக்கும்

டீஸல் ஏறினால் எல்லா விலையும் ஏறும் என்று மேடைகளில் பேசுகிறோம். அதையும் நிறுத்துப் பார்ப்பது நல்லது. விழுப்புரம் மார்க்கெட்டிலிருந்து சென்னைக்குச் சுமார் 160 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரிக்கு 40 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் 400 ரூபாய் அதிகச் செலவு. லாரியில் 10 டன் மணிலாக்கொட்டை ஏற்றினால், கிலோவுக்கு விழும் சுமை 4 காசு. லாரி வெறுமையாய்த் திரும்பினாலும் 8 காசு. அந்தக் காரணத்தைச் சொல்லிக் கிலோவுக்கு 2 ரூபாய் ஏற்றும் வியாபாரியை நாம் கேள்வி கேட்க வேண்டாமா? அதே சமயம் டிராக்டர் உழவு வேறு. மணிக்கு 5 லிட்டர் எரியும் டிராக்டருக்கு அதே ஏற்றம் மணிக்கு 50 ரூபாய். சிறு குடியானவருக்கு அது கிலோக் கணக்கில் கரைந்து போகாது. விதைக்கும் முன்பே, கையிலிருந்து ரொக்கமாகப் போகும். மரக்காணம் கடற்கரையில் படகு செலுத்தும் மீனவருக்கும் அவ்வாறே. எந்தச் சுமை யார்மேல் விழுகிறது என்று பிரித்தறியாமல் பேசினால், வியாபாரிக்கு நாம் சாக்குக் கொடுத்தவர்களாவோம். குடியானவரின் குறை கேட்கப்படாமலே போகும்.

2024 மார்ச் 15-ந் தேதி 2 ரூபாய் குறைத்தபோது சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீஸல் 92 ரூபாய் 34 காசு. வித்தியாசம் எட்டரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தினந்தோறும் விலை மாறும் என்று 2017 ஜூனில் பிரகடனம் செய்திருந்தும், 2018-ல் கர்நாடகத் தேர்தலையொட்டிப் பத்தொன்பது நாளும், 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை 137 நாளும் விலை அசையவில்லை. உலக விலை அந்நாட்களில் உறங்கவில்லை. தேர்தல் முடிந்த பின் ஏறுவது சந்தையின் குணமா, ஸர்க்காரின் குணமா என்பதைத் தேச ஜனங்கள் யோசிக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

நாம் கேட்பது மலிவு எண்ணெய் அல்ல, ஒளிவில்லாத எண்ணெய். முதலாவது, பங்க்கில் எழுதும் விலையோடு அடக்க விலை இவ்வளவு, மத்திய வரி இவ்வளவு, மாகாண வரி இவ்வளவு, கமிஷன் இவ்வளவு என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, ஏழைக்கு உதவி செய்வதானால் ஏழையின் கையிலேயே கொடுக்க வேண்டும்; எண்ணெயின் தலையில் வைத்துக் கொடுத்தால் அது பெரிய டாங்கிக்கே போய்ச் சேரும் என்பதற்குப் பல வருஷ அனுபவம் சாட்சி. மூன்றாவது, பொது ஜனங்களை ஏற்றும் பஸ்ஸுக்குச் சில்லறை விலைக்கு மேல் ஒரு காசும் வாங்கலாகாது. நான்காவது, 2017 ஜூலையில் பொதுச் சரக்கு வரி வந்தபோது மண்ணெண்ணெயை அதில் சேர்த்துப் பெட்ரோலையும் டீஸலையும் வெளியே நிறுத்தினார்கள். உள்ளே கொண்டுவர முடியாதென்றால், செஸ் என்ற பெயரால் வாங்குவதையாவது மாகாணங்களோடு பங்கிட வேண்டும்.

1954 நவம்பர் வரை புதுச்சேரி அந்நிய ராஜ்யத்தின் எல்லையாக இருந்தது. அந்த எல்லையில் சுங்கச் சாவடி இருந்தது. கள்ளக் கடத்தலும் இருந்தது. அந்நியன் போனான், சாவடியும் போயிற்று. ஆனால் மதகடிப்பட்டு எல்லையில் லாரிக்காரர் இன்னும் டாங்கியைத் தட்டிப் பார்த்துக் கணக்குப் போடும் நிலைமை இருக்குமானால், ஒரே தேசத்து ஜனங்களுக்கிடையே நாமே ஒரு சாவடியைக் கட்டிக்கொண்டோம் என்றுதான் அர்த்தம். அதை இடிக்க யந்திரம் வேண்டியதில்லை. விலைப் பலகையைக் கூர்ந்து படித்து, ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்கும் ஜனங்கள் இருந்தால் போதும்.